விலகாத துணை

காய்ச்சல் வருமுன் உடல் சோர்ந்து நமக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. மழைகூட மண்வாசனையை முன்னே அனுப்பிவிட்டுத்தான் வருகிறது. வலிப்பு நோய் மட்டும் பெரும்பாலும் அத்தகைய தூது எதனையும் அனுப்புவதில்லை. சோறு பரிமாறும் கை நடுவில் நின்றுவிடுகிறது. சாலையைக் கடக்கும் கால் மடிந்துவிடுகிறது. நினைவு திரும்பும்போது நாக்கு கடிபட்டு, ஆடை குலைந்து, சுற்றிலும் கூட்டம் நிற்கிறது. இடையில் நிகழ்ந்தது என்னவென்று அறியாதவர் அங்கே ஒருவரே. அவர் கீழே கிடப்பவர்.

சிலருக்கு முன்னுணர்வு ஒன்று தோன்றுவதுண்டு. வயிற்றிலிருந்து மேலெழும் ஒரு கலக்கமாகவோ, அங்கே இல்லாத ஒரு நாற்றமாகவோ, இதே காட்சியை முன்பும் கண்டோம் என்ற ஒரு மயக்கமாகவோ அது இருக்கும். மருத்துவர்கள் அதனையும் வலிப்பின் தொடக்கம் என்றே கொள்கின்றனர். பலருக்கு அந்தச் சிறு அவகாசமும் வாய்ப்பதில்லை.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயை முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பதும் அதன் கூற்று. ஏழை நாடுகளில் பெரும்பாலோருக்கு அம்மருந்து சென்று சேர்வதில்லை. வேறு சிலருக்கு, எத்தனை மருந்துகள் கொடுத்தாலும் நோய் கட்டுப்படுவதில்லை. இவர்கள் எந்த வேளையில் விழுவோம் என்று அறியாமல் ஒவ்வொரு நாளையும் எதிர்கொள்கின்றனர். நீரும் நெருப்பும் மாடிப்படியும் இவர்களுக்கு அச்சம் தருவன. குளியலறைக் கதவைத் தாழிடுவதற்குக்கூட இவர்கள் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டியிருக்கிறது.

இந்நோய் தரும் துன்பம் இரண்டு என நாம் கருதுகிறோம். வேளை தெரியாமை ஒன்று. பிறர் விலகிப் போதல் மற்றொன்று. முன்னதை உடல் தருகிறது. பின்னதை ஊர் தருகிறது. இவ்விரண்டையும் ஓரளவு தாங்கிக்கொள்ளத் துணை நிற்கும் ஓர் உயிரைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். அது நம் வாசலில் படுத்திருக்கும் நாய்.

விலகிப் போதலின் வரலாறு நெடியது. பண்டைக் கிரேக்கர் இதனைத் தெய்வத்தால் வரும் நோய் என்றனர். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னரே, இப்பொக்கிரேட்டசின் மரபில் வந்த ஒரு மருத்துவ நூல் அதனை மறுத்து, மற்ற நோய்களைப் போல் இதுவும் இயற்கையான நோயே என்றும், இது மூளையில் தோன்றுவது என்றும் எழுதியது. மூளையின் மின்னலைகளைத் தாளில் பதிவு செய்து காட்ட செருமானியராகிய ஆன்ஸ் பெர்கர் வரவேண்டியிருந்தது. அவர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டது 1929ஆம் ஆண்டில். ஆயினும் அறிவு வளர்ந்த வேகத்தில் அச்சம் குறையவில்லை. நம் நாட்டில் இந்து திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, அடிக்கடி வலிப்பு வருபவரை மணத்திற்குத் தகுதியற்றவர் வரிசையில் வைத்திருந்தன. சட்டப் புத்தகத்திலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. பெண் பார்க்கும் வீடுகளின் பேச்சிலிருந்து அது போய்விட்டது என்று சொல்வதற்கில்லை.

நம் குடும்பத்திலும் இந்நோய் இருந்தது. நம் அத்தை ஒருவருக்குப் பருவ வயதில் தொடங்கியது. நாம் சிறுவராய் இருந்த நாள்களில் அவர் கிணற்றடிக்குத் தனியே செல்லக் கூடாது. அடுப்பங்கரையில் தனியே நிற்கக் கூடாது. திருமண வீடுகளுக்கு அவரை அழைத்துச் செல்வதில்லை. ‘காக்காய் வலிப்பு’ என்று ஊரார் தாழ்ந்த குரலில் சொல்வர். கால்கை வலிப்பு என்பதே அவ்வாறு மருவியது என்பர் சிலர். அந்தச் சொல்லுக்கு இருந்த கொடுமை அதன் பொருளில் இல்லை; அதைச் சொல்லும்போது தாழ்ந்த அந்தக் குரலில் இருந்தது.

அவர் விழுந்துவிட்டால் ஓடிவருவோர் கொண்டுவருவது இரும்புச் சாவி. அதைக் கையில் திணித்ததும் கடமை முடிந்ததுபோல் பத்தடி தள்ளி நின்றுவிடுவர். தள்ளி நில்லாதது பின்கட்டுத் திண்ணையில் கிடந்த மணி என்ற நாட்டு நாய் ஒன்றே. அதற்கு யாரும் எதுவும் கற்பித்ததில்லை. அத்தையின் அருகே சென்று, முதுகு படும்படி ஒட்டிப் படுத்துக்கொள்ளும். துடிப்பு அடங்கியபின் அவருடைய கையை நக்கும். அவர் எழுந்து அமரும்வரை அவ்விடத்தை விட்டு அகலாது. மணி முன்கூட்டியே முனகும் என்று பாட்டி சொல்வார். அதனை நாம் உறுதியாகச் சொல்ல மாட்டோம். பல ஆண்டுகள் கழித்து அத்தையே ஒருநாள் நம்மிடம் சொன்னார்: “கண்ணைத் திறந்தால் சுற்றி நிற்கிற எல்லாருடைய முகத்திலும் ஏதோ ஒரு கேள்வி இருக்கும். மணியின் முகத்தில் மட்டும் இருக்காது.”

நோய் வந்தவரின் அருகில் நாய் படுத்துக்கொள்வது உலகெங்கும் பல வீடுகளில் காணப்பட்ட காட்சியே. அது ஆய்வுப் பொருளானது 1990களில். இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1992ஆம் ஆண்டில் ‘சப்போர்ட் டாக்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு தோன்றியது. அங்கே வேல் ஸ்ட்ராங் என்ற பயிற்சியாளர், வலிப்பு வருமுன் அதனை உணர்ந்து அறிவிக்குமாறு நாய்களைப் பழக்க முடியுமா என்று முயன்றார். வெகுமதி கொடுத்துப் பழக்குவதே அவருடைய முறை. வலிப்பு வருவதற்கு முன் தன் தலைவரிடம் தோன்றும் நுண்ணிய மாறுதலை நாய் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்ததும், எவரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாத ஓர் அடையாளத்தை அது காட்ட வேண்டும். அவரும் மருத்துவர்களும் சேர்ந்து 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, பழக்கப்பட்ட நாய்கள் 15 முதல் 45 நிமிடங்கள் முன்னதாகவே அறிவித்தன என்றது. 45 நிமிடங்களில் ஒருவர் அடுப்பை அணைத்துவிடலாம், மாடியிலிருந்து இறங்கிவிடலாம், அண்டை வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் பாயில் படுத்துக்கொள்ளலாம்.

அக்குழுவினர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இன்னும் வியப்பானது. நாயைப் பெற்ற 10 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் அவர்களுக்கு வலிப்பு வரும் எண்ணிக்கையே சராசரியாக 43 விழுக்காடு குறைந்திருந்தது. நாய் மருந்தன்று. ஆயினும் எப்போது வருமோ என்ற ஓயாத பதற்றம் குறைந்தால் உறக்கம் நன்றாகும், மனம் அமைதியுறும். மன அழுத்தமும் உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டுவன என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அதனால் அப்படியும் நிகழ்ந்திருக்கலாம். பத்துப் பேரை மட்டும் வைத்து உலகுக்கு விதி எழுத முடியாது என்பதும் உண்மையே.

ஐயங்களும் எழுந்தன. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நோயாளரின் மூளை மின்னலைகளையும் உருவக்காட்சியையும் ஒருசேரப் பதிவு செய்து பார்த்தபோது, அங்கே நாயோடு தங்கிய இருவரின் நாய்கள் எண்ணியபடி அறிவிக்கவில்லை என்று 2005ஆம் ஆண்டில் எழுதினர். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரைகள், நாய் அறிவித்த வலிப்புகள் சில, மூளையின் மின்கோளாற்றால் வந்தவை அல்ல, மனத்தின் ஆழ்ந்த துயரத்தால் வந்தவை என்று காட்டின. அவையும் நடிப்பல்ல, அவற்றால் துன்புறுவோரும் உண்மையாகவே துன்புறுகின்றனர். எனினும், நாய் எதனை உணர்கிறது என்ற வினா அதனால் மேலும் சிக்கலாயிற்று. உடல் அசைவின் மாறுதலையா? முகத்தின் வாட்டத்தையா? மணத்தையா?

மணம் என்ற விடைக்கு வலுவான சான்று 2019ஆம் ஆண்டில் கிடைத்தது. பிரான்சு நாட்டின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வலிப்பு நோயாளர்களின் மூச்சையும் வியர்வையையும் மூன்று வேளைகளில் சேகரித்தனர்: வலிப்பு வந்தபோது, உடற்பயிற்சி செய்தபின், அமைதியாக இருந்தபோது. அவற்றைத் தனித்தனிக் கலங்களில் இட்டு வரிசையாக வைத்து, அமெரிக்காவில் பயிற்சி பெற்ற 5 நாய்களை மோப்பம் பிடிக்க விட்டனர். 3 நாய்கள் வலிப்பின் மணம் இருந்த கலத்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. மற்ற இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு சரியாகக் கண்டுபிடித்தன. அந்நோயாளர்கள் வெவ்வேறு வகை வலிப்பு உடையவர்கள். நாய்கள் அவர்களை அதற்குமுன் கண்டவையுமல்ல. ஆகவே ஆள் வேறானாலும் வலிப்புக்கென்று ஒரு பொதுவான மணம் உண்டு என்பது புலனாயிற்று. 2021ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் பயிற்சியே இல்லாத 19 வீட்டு நாய்களுக்கு முன்னால் அம்மணத்தைப் பரவவிட்டனர். பத்தொன்பதும் அம்மணத்திற்கு வேறுபட்ட வகையில் எதிர்வினை காட்டின.

மனிதரின் மூக்கில் மோப்பம் உணரும் அணுக்கள் 50, 60 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கும் மேல். நமக்கு வெறும் காற்றாக இருப்பது அதற்கு எழுதிய தாள். பாட்டி மணியைப் பற்றிச் சொன்னதை நாம் இன்று முழுதாக ஏற்கவுமில்லை; முன்போல் எளிதாகத் தள்ளவும் முடியவில்லை.

நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2024ஆம் ஆண்டில் வந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கடும் வலிப்பு உடைய 25 பேர் அதில் பங்கேற்றனர். நாய் வந்த காலத்தையும் வராத காலத்தையும் ஒப்பிட்டதில், நாய் உடனிருந்தபோது வலிப்புகள் சராசரியாக 31 விழுக்காடு குறைந்திருந்தன. வாழ்க்கையின் தரமும் உயர்ந்ததாக அவர்கள் உணர்ந்தனர். பயன் எல்லார்க்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. இடையில் நின்றுவிட்டவர்களும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் செஃபீல்டில் கண்டது வெறும் கற்பனையன்று என்ற அளவுக்கு இது போதும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் நலம். வலிப்பை முன்னறிவது ஒன்று. வலிப்பு வந்தபின் உதவுவது மற்றொன்று. முன்னறியும் திறனை எல்லா நாய்க்கும் கற்பித்துவிடலாம் என்று உறுதி கூற முடியாது. அமெரிக்காவின் அமைப்புகள் பலவும் அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. உதவுவதையோ கற்பிக்க முடிகிறது. குரைத்து வீட்டாரை அழைத்தல், எச்சரிக்கை மணியின் பொத்தானை அழுத்துதல், தொலைபேசியை வாயில் கவ்வி வந்து கொடுத்தல், விழுந்தவரின் பக்கத்தில் படுத்து அவர் உருண்டு அடிபடாமல் காத்தல், நினைவு திரும்பும்வரை உடனிருத்தல் ஆகியவை நாய் செய்யும் பணிகள். அமெரிக்காவின் உடல் ஊனமுற்றோர் சட்டத்தின் விதிகள், வலிப்பின்போது உதவும் நாயையும் சேவை நாய்களின் வரிசையில் சேர்த்துள்ளன. கண்ணற்றவரின் நாயைப் போலவே அதுவும் கடைக்கும் உணவகத்துக்கும் தன் தலைவரோடு செல்லலாம்.

கனடாவின் கால்கரி நகரில், வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களைக் கேட்டு எழுதிய கட்டுரை ஒன்று 2004ஆம் ஆண்டில் வந்தது. நாய் வளர்த்த குடும்பங்களில் பத்தில் நான்கு பங்கினர், குழந்தைக்கு வலிப்பு வரும்போது நாய் தனிப்பட்ட முறையில் நடந்துகொள்கிறது என்றனர். முகத்தை நக்குதலும், குழந்தையைக் காத்து நிற்றலும் அவற்றுள் அடங்கும். அவை பயிற்சி பெறாத வீட்டு நாய்களே.

அதனால் எந்த நாயையும் நோயாளரின் பக்கத்தில் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. வேல் ஸ்ட்ராங்கே 2000ஆம் ஆண்டில் இதுபற்றி எச்சரித்து எழுதினார். பழக்கப்படாத சில நாய்கள் தம் தலைவரின் துடிப்பைக் கண்டு மிரண்டு ஓடின, சில சீறின, சில நோயுற்றன. தான் நேசிக்கும் ஒருவர் நிலத்தில் விழுந்து துடிப்பதை அடிக்கடி காண்பது அந்த உயிருக்கும் பெரும் சுமையே. அன்புக்கும் பயிற்சி வேண்டும் என்பதை இவ்விடத்தில் நாயிடமிருந்து கற்கிறோம். அதற்கும் ஓய்வு தேவை, விளையாட்டு தேவை, யாரையும் காக்க வேண்டாத சில மணிநேரம் தேவை. பிறருடைய நோயைப் பல ஆண்டுகள் தாங்கிய தாய்மாரை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

பயிற்சி பெற்ற நாய் எல்லார்க்கும் கிடைக்கப் போவதில்லை. அதற்கு ஆகும் காலமும் பொருளும் மிகுதி. ஏழை வீட்டின் முதல் தேவை நாயன்று. தவறாமல் கிடைக்கும் மாத்திரை. 1912ஆம் ஆண்டிலிருந்தே பயன்பட்டு வரும் பினோபார்பிடோன் என்ற மலிவான மருந்துதான் நம் அத்தையின் வலிப்பைப் பெரிதும் குறைத்தது. பின்னாளில் அவர் தாமே அடுப்பு மூட்டினார். கிணற்றில் நீர் சேந்தினார். மருந்தை நிறுத்தாமல் உண்பது, நாயைத் தேடுவதினும் முந்திய கடமை.

அப்படியானால் நாய் நமக்குச் சொல்வது என்ன? முன்னறியும் ஆற்றல் நம் மூக்குக்கு இல்லை. அதில் நாம் அதனோடு போட்டியிட முடியாது. அருகிருத்தலை மட்டும் நாமும் கற்கலாம். மருத்துவர்கள் நமக்குச் சொல்லும் முதலுதவியும் ஏறத்தாழ அதுவே. கூரானவற்றை அப்புறப்படுத்தி, தலைக்குக் கீழே மென்மையான துணியை வைக்க வேண்டும். அவரை ஒருபுறமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் எச்சில் மூச்சுக்குழலில் இறங்காது. கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பற்களுக்கிடையே கரண்டியோ துணியோ எதனையும் வைக்கக் கூடாது. நினைவு தெளியும்வரை நீரும் கொடுக்கக் கூடாது. இரும்புச் சாவியால் ஒரு பயனும் இல்லை. வலிப்புகள் பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 5 நிமிடங்களுக்கு மேல் நீண்டாலும், ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நம் மாநிலத்தில் 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

இவற்றுள் எதற்கும் பெரும் கல்வி தேவையில்லை. தேவைப்படுவது, பத்தடி தள்ளி நில்லாமல் தரையில் மண்டியிடும் மனம். எழுந்தவுடன் அவர் நம் முகத்தைத்தான் முதலில் காண்பார். அந்த முகத்தில் அச்சமும் அருவருப்பும் இல்லாதிருந்தால், ‘ஒன்றுமில்லை, நீங்கள் எங்கள் நடுவேதான் இருக்கிறீர்கள்’ என்ற செய்தி சொல்லாமலே அவருக்குச் சென்று சேரும். அவருடைய ஆடையைச் சரிசெய்து, கூட்டத்தை விலக்கி, அவர் வீட்டுக்குச் செல்லும்வரை உடன் நடக்கலாம். மறுநாள் அவர் கடைக்கு வந்தால் நேற்றைய பேச்சை எடுக்காமல், என்ன வாங்க வந்தீர்கள் என்று எப்போதும்போல் கேட்கலாம்.